கிராமத்துச் சாலைக்குப் பழைய கார் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தார் ரோடு முடிந்து மண்ரோடு தொடங்கும் இடங்களில் குடியிருப்பவர்கள், குறைந்த பணத்தில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்க நினைக்கும்போது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

எனக்கு வண்டி பற்றி அதிகம் தெரியாது. நல்ல மாடல் ஒன்றின் பெயர் மட்டும் சொல்லுங்கள், போதும்.

பெயர் சொல்லிவிடலாம், ஆனால் அது உங்களைக் காப்பாற்றாது. ஒரே மாடலில், ஒரே வருஷத்தில் வந்த இரண்டு வண்டிகளில் ஒன்று இன்னும் பத்து வருஷம் ஓடும், இன்னொன்று அடுத்த மழைக்காலத்தைத் தாண்டாது. பழைய வண்டியில் மாடலைவிட, அந்த ஒரு வண்டியை முன்பு வைத்திருந்தவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதுதான் பெரிய விஷயம்.

பெயரைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் வழியை யோசியுங்கள். அதில் இருப்பதிலேயே மோசமான ஒரு கிலோமீட்டர் எது, அதை வருஷத்தில் எத்தனை மாதம் கடக்க வேண்டும், வண்டியில் எவ்வளவு பேர், எவ்வளவு சுமை. அப்புறம், உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கிடம் போய் "எந்த வண்டிக்கு உங்களிடம் சாமான் உடனே கிடைக்கும், எதை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவீர்கள்" என்று கேளுங்கள். அவர் சொல்லும் இரண்டு மூன்று மாடல்தான் உங்கள் பட்டியல். ஊரில் அதிகம் ஓடும் வண்டிக்கு உதிரிபாகம் மலிவு, பழைய பாகமும் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவரும் இருப்பார். அபூர்வமான ஒரு வண்டி பாதி விலைக்குக் கிடைத்தாலும், ஒரு சென்சாருக்காக மூன்று வாரம் வீட்டில் நிற்கும் என்றால் கிராமத்தில் இருப்பவருக்கு அது வண்டியே இல்லை.

மண்ரோடு என்றால் ஃபோர் வீல் டிரைவ் கட்டாயம் வேண்டும்தானே?

பெரும்பாலும் வேண்டாம். நாலு சக்கரத்துக்கும் விசை போவதால் வண்டி கிளம்புவதும் ஏறுவதும் சுலபமாகும், அவ்வளவுதான். பிரேக் பிடிப்பதிலும் வளைவில் திரும்புவதிலும் அது பெரிதாக உதவாது, அங்கே வேலை செய்வது டயர். முன்சக்கர டிரைவ் கார்களில் எஞ்சின் எடை முழுக்க இழுக்கும் சக்கரங்கள் மேலேயே இருப்பதால், நல்ல டயர் போட்டால் சாதாரண மண்ரோட்டையும் ஜல்லி ரோட்டையும் தாராளமாகச் சமாளிக்கும்.

பழைய ஃபோர் வீல் டிரைவில் தேய்கிற பாகங்கள் கூடுதல்: டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி), இன்னொரு டிஃபரன்ஷியல் (திரும்பும்போது இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் பெட்டி), கூடுதல் ஷாஃப்ட்டுகள், அவற்றின் ஆயில் சீல்கள். எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும். செங்குத்தான களிமண் ஏற்றம், ஆழமான பனி, வயலுக்குள் இறங்கும் வேலை, டிரெய்லர் இழுப்பது, இவற்றில் ஒன்றாவது உங்களுக்கு வாரா வாரம் உண்டு என்றால் வாங்குங்கள். 1977-இல் வந்த லாடா நிவாவும் 1970 முதல் வரும் சுசுகி ஜிம்னியும் உலகம் முழுக்க இன்னும் தேடப்படுவது இதற்காகத்தான்: சின்ன உடம்பு, லோ ரேஞ்ச் கியர் (மெதுவாக, ஆனால் அதிக இழுவிசையோடு ஓட வைக்கும் கூடுதல் கியர்), எளிமையான அமைப்பு. ஜிம்னி மாதிரி, தேவைப்படும்போது மட்டும் நாலு சக்கரத்துக்கும் விசையை இணைக்கிற வண்டியை உலர்ந்த தார் ரோட்டில் அந்த நிலையிலேயே ஓட்டக் கூடாது. திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் உருள, இடையில் இருக்கும் கியர்கள் முறுக்கிக்கொள்ளும். முன்பு வைத்திருந்தவர் அப்படி ஓட்டினாரா என்று கேட்டுவிடுவது நல்லது.

தரை இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும்?

சாதாரண மண்ரோட்டுக்கு 165 முதல் 180 மில்லிமீட்டர் இருந்தால் போதும். டிராக்டர் போய் ஆழமாகத் தடம் விழுந்த பாதை என்றால் 200-க்கு மேல் தேடுங்கள். பல செடான் கார்கள் 130 முதல் 150-க்குள்தான் நிற்கும்.

இந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு உங்கள் வழிக்குப் போய், இரண்டு சக்கரத் தடங்களுக்கு நடுவில் நிற்கும் மேட்டின் உயரத்தை அளந்து பாருங்கள். பிறகு வாங்க நினைக்கும் வண்டியில் நாலு பேரை உட்கார வைத்து, அடியில் மிகத் தாழ்வாக எது தொங்குகிறது என்று பார்த்து (பெரும்பாலும் சைலன்சர் பைப்போ எஞ்சின் ஆயில் சம்ப்போதான்) அதையும் அளந்துவிடுங்கள். கம்பெனி சொல்லும் அளவு பெரும்பாலும் காலி வண்டிக்கானது. ஸ்பிரிங் தளர்ந்த பழைய வண்டி ஆள் ஏறினால் இன்னும் கீழே உட்காரும். முன், பின் சக்கரங்களுக்கு இடையே நீளம் அதிகமான வண்டி மேட்டின் நடுவில் வயிறு தட்டும், சின்ன ஹேட்ச்பேக் அதே இடத்தைத் தட்டாமல் தாண்டிவிடும்.

பெட்ரோலா டீசலா?

தினமும் நீண்ட தூரம், கனமான சுமை என்றால் டீசல் சரி. மற்றபடி குறைந்த விலைக்குப் பழைய வண்டி வாங்குபவருக்கு எளிமையான பெட்ரோல் எஞ்சினையே சொல்வேன்.

காரணம், 2009-க்குப் பின் ஐரோப்பிய யூரோ 5 விதிகளோடு டீசல் கார்களில் புகைக்கரி வடிகட்டி பரவலாக வந்துவிட்டது. அதில் சேரும் கரியை எரித்துத் தள்ள, வண்டி கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓடி, சைலன்சர் பக்கம் நன்றாகச் சூடேற வேண்டும். வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து வீடு என்று நாலு கிலோமீட்டர் மண்ரோட்டில் ஊர்ந்து போகும் வண்டியில் அது நடக்காது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் செலவு பெரிது. காமன் ரெயில் இன்ஜெக்டர்களும் (புதுவகை டீசல் எஞ்சினில் மிக அதிக அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் பாகங்கள்) அப்படித்தான், கேனில் வைத்த டீசலில் கொஞ்சம் தண்ணீர் கலந்திருந்தால்கூடக் கெட்டுவிடும். இந்த வடிகட்டி எதுவும் இல்லாத மிகப் பழைய டீசல் கிடைத்தால் கணக்கு வேறு, ஆனால் அந்த வயதுக்கு அதில் துரு இருக்கும், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஆட்டோமேட்டிக் கியர் வாங்கலாமா?

பழைய பாணி டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் (எஞ்சினையும் கியரையும் எண்ணெய் வழியாக இணைக்கும் வகை), ஆயில் மாற்றிய ரசீதோடு இருந்தால் வாங்கலாம். சிவிடி (தனித்தனி கியர்கள் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் வகை), இரட்டைக் கிளட்ச் வகைகளைப் பட்ஜெட் வண்டியில் தவிர்த்துவிடுங்கள், பழுதானால் பெரும்பாலும் முழுசாக மாற்றத்தான் சொல்வார்கள். மேனுவல் வண்டியில் பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்பதும், பக்கத்து வீடே தொலைவில் இருப்பவருக்குச் சின்ன விஷயம் இல்லை.

எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தால் வாங்கலாம்? ஒரு லட்சத்துக்கு மேல் வேண்டாம் என்கிறார்களே.

அந்த ஒரு லட்சக் கணக்கை மறந்துவிடுங்கள். ஒழுங்காக ஆயில் மாற்றி, நெடுஞ்சாலையில் ஒன்றரை லட்சம் ஓடிய எஞ்சின், நெரிசலில் தினம் இரண்டு கிலோமீட்டர் ஓடி அறுபதாயிரம் சேர்த்த எஞ்சினைவிட நல்ல நிலையில் இருக்கும். எஞ்சின் அதிகம் தேய்வது சூடாவதற்கு முன்னால்தான். பதினைந்து வருஷத்தில் முப்பதாயிரம்தான் ஓடியது என்று காட்டும் வண்டியில் ரப்பர் குழாய்கள், சீல்கள், டயர் எல்லாம் ஓடாமலேயே காய்ந்திருக்கும்.

மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று வண்டியே சொல்லும். பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் தோல் பளபளத்து, டிரைவர் சீட்டின் ஏறும் பக்க ஓரம் அமுங்கிப்போயிருக்க, மீட்டர் மட்டும் நாற்பதாயிரம் காட்டினால் நம்பாதீர்கள். சர்வீஸ் ரசீதுகளில் எழுதியிருக்கும் கிலோமீட்டர் தேதிக்கு ஏற்ப ஏறிக்கொண்டே வருகிறதா என்று பாருங்கள். ரசீதே இல்லை என்றால் விலையை அதற்குத் தகுந்தபடி குறைத்துக் கேளுங்கள்.

வண்டியைப் பார்க்கப் போனதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

போவதற்கு முன்பே "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் கிளம்பும்போது வரும் ஏதோ ஒரு சத்தத்தையோ புகையையோ மறைக்க ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஆறும்வரை காத்திருங்கள், இல்லையென்றால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

குளிர்ந்த எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். வெண்ணெய் போல வெளுத்த பசை நிறைய இருந்தால் கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கலாம். குளிர் நாளில் கிட்ட தூரமே ஓடிய வண்டியில் கொஞ்சம் ஈரப்பசை சேர்வது உண்டு, அதனால் டிப்ஸ்டிக்கிலும் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) அதே நிறமா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கூலன்ட் தொட்டியில் எண்ணெய் மிதக்கிறதா என்பதும் முக்கியம் (சூடான எஞ்சினில் அந்த மூடியை எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும்). அப்புறம் ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பின்னால் நின்று புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல், இனிப்பு வாடையோடு வரும் வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் எரிகிறது, ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) போயிருக்கக் கூடும். கறுப்பு என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது, இது மற்ற இரண்டைவிடச் சரிசெய்யச் சுலபம்.

அடியில் பார்க்கச் சொல்கிறீர்கள், என்ன பார்ப்பது என்றே தெரியவில்லையே.

கிராமத்து வண்டிக்கு இருப்பதிலேயே முக்கியமான இடம் அடிப்பாகம்தான். மேலே பெயின்ட் மங்கியிருந்தால் ஒன்றும் இல்லை. ஒரு பழைய விரிப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போங்கள். ஜாக்கியில் மட்டும் தூக்கி நிறுத்திய வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழையக் கூடாது, ஜாக்கி சரிந்தால் உயிர் போய்விடும். தரையில் நிற்கும்போதே ஓரத்தில் படுத்துப் பாருங்கள், அல்லது பணம் கொடுத்து ஒரு கராஜில் லிஃப்ட்டில் ஏற்றுங்கள். அந்தச் செலவு வீணாகாது.

மேலாகப் பழுப்பேறிய துரு பிரச்சினை இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் சட்டம், ஜாக்கி வைக்கும் இடம், சஸ்பென்ஷன் உடம்போடு சேரும் இடம், இங்கெல்லாம் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி. சொத்தென்று கேட்டாலோ பொடியாக உதிர்ந்தாலோ அந்த வண்டியை விட்டுவிடுங்கள். பிரேக் குழாய்கள் துருவேறிச் செதில் செதிலாக இருக்கின்றனவா என்று பாருங்கள். விற்பதற்கு முந்தின வாரம் அடித்தது போல அடியெல்லாம் புதுக் கறுப்புப் பூச்சு மின்னினால், எதை மூடியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அடுத்து, முன்சக்கரங்களுக்குப் போகும் ஆக்சிலின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் உறை. அது கிழிந்திருந்தால் கிரீஸ் வெளியே தெறித்திருக்கும், மண்ரோட்டுத் தூசி உள்ளே போய் ஜாயின்ட்டை அரைத்துவிடும். சம்ப் நசுங்கியிருக்கிறதா, ஷாக் அப்சர்பரில் எண்ணெய் வழிகிறதா என்பதையும் பார்த்தால் அந்த வண்டி எப்படிப்பட்ட ரோட்டில் எப்படி ஓட்டப்பட்டது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

டெஸ்ட் டிரைவில் எதைக் கவனிப்பது?

விற்பவர் நல்ல ரோட்டில் ஒரு சுற்று கூட்டிப் போவார். நீங்கள் மோசமான ரோட்டைக் கேளுங்கள். பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஒரு முறை ஏற்றியும் ஒரு முறை இறக்கியும் ஓட்டிப் பாருங்கள். குழியில் இறங்கும்போது டொக் டொக் என்றால் சஸ்பென்ஷனில் இருக்கும் பால் ஜாயின்ட்டோ ரப்பர் புஷ்ஷோ போயிருக்கும், அது பெரிய செலவு இல்லை, விலையில் கழித்துக்கொள்ளலாம். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது டக்டக்கென்று கேட்டால் மேலே சொன்ன ஆக்சில் ஜாயின்ட்தான். வேகத்தோடு கூடிக்கொண்டே போய், வளைவில் கூடிக் குறையும் ஊளைச் சத்தம் வீல் பேரிங்.

கிளட்ச்சுக்கு ஒரு சோதனை: ஏற்றத்தில் நாலாவது கியரில் குறைந்த வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள், எஞ்சின் மட்டும் இரைந்து வண்டி வேகமெடுக்கவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. இருபது நிமிஷமாவது ஓட்டுங்கள், பிறகு நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, வெப்பமானி ஏறுகிறதா, ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றி நிற்கிறதா என்று பார்க்கலாம். ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் இளகிய மண்ணில் அதைப் போட்டு, லோ ரேஞ்சும் விழுகிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வருஷக்கணக்கில் போடாமல் விட்டதால் அது இறுகிப்போயிருப்பது சகஜம்.

டயர் புதுசு மாதிரி இருக்கிறது என்கிறார். அப்புறம் என்ன?

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஆறு வருஷம் தாண்டினால் வெடிப்பு இருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள், பத்து வருஷம் ஆகியிருந்தால் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பல நாடுகளில் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் ஆழம் போதும், ஆனால் சேற்றிலும் ஈரத்திலும் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

பெரிய அலாய் வீலும் மெல்லிய டயரும் குழி ரோட்டுக்கு ஆகாது. 15 அங்குல வீலில் 65 என்று எழுதிய உயரமான டயர், 17 அங்குலத்தில் 45-ஐவிட அடியைத் தாங்கும், விலையும் குறைவு. ஸ்டெப்னி முழு அளவா என்றும் பாருங்கள். மெல்லிய தற்காலிக ஸ்டெப்னி மணிக்கு 80 கிலோமீட்டருக்குமேல் போகக் கூடாதது, ஜல்லி ரோட்டில் நம்ப முடியாதது. எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஒரு டயர் மட்டும் புதுசாக இருந்தால், சுற்றளவு வித்தியாசத்தால் நடுவில் இருக்கும் இணைப்பு ஓயாமல் தேயும். மேலே சொன்ன கூடுதல் பாகங்கள் கெட்டுப்போக அது ஒரு முக்கியக் காரணம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று எப்படித் தெரியும்?

சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுங்கள். கழுவும்போது யாருக்கும் நினைவு வராத இடம் அது, மண் கறையோ கோடோ இருந்தால் அங்கே தெரியும். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழி, சீட்டைத் தரையோடு பிணைக்கும் போல்ட், கார்ப்பெட்டின் அடிப்பக்கம் ஆகியவற்றிலும் பாருங்கள். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தாலும் சந்தேகப்படுங்கள். மூழ்கிய வண்டியின் மின்கம்பிகள் மாதக்கணக்கில் கழித்து ஒவ்வொன்றாகப் பழுதாகும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

விற்பவரே மெக்கானிக்கை வைத்துக் காட்டினார், எல்லாம் சரி என்றார். போதாதா?

போதாது. உங்களிடம் காசு வாங்குபவர் பார்க்க வேண்டும். விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்காமல் கிளம்பிவிடுங்கள்.

கூடவே ஓபிடி ரீடர் (வண்டியின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் கருவி) ஒன்றைச் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கான பொதுவான செருகி அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களில் 2001 முதலும் கட்டாயம், மற்ற இடங்களிலும் பிந்தைய வண்டிகளில் பெரும்பாலும் இருக்கும். பிழை ஒன்றும் இல்லை என்று காட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். வண்டி தன்னைத் தானே சோதித்து முடித்ததா என்பதையும் ரீடர் காட்டும். பல சோதனைகள் "முடியவில்லை" என்று இருந்தால், அண்மையில் யாரோ பிழைகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

ஏபிஎஸ் மண்ரோட்டில் ஆபத்து, அது இல்லாத பழைய வண்டிதான் நல்லது என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

பாதி உண்மை. இளகிய ஜல்லியில் பூட்டிக்கொண்ட சக்கரம் முன்னால் ஜல்லியைக் குவித்துக்கொண்டு நிற்கும், ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்ட விடாததால் நிற்கும் தூரம் கூடலாம். ஆனால் பூட்டிய சக்கரத்தால் திரும்ப முடியாது. எதிரே மாடோ குழந்தையோ வந்தால் திருப்ப முடிவதுதான் பெரிது. மண்ரோட்டில் இடைவெளி விட்டு மெதுவாக ஓட்டுங்கள், ஏபிஎஸ்ஸை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

அதைவிட நான் வற்புறுத்துவது, வண்டி சறுக்கும்போது தனித்தனிச் சக்கரத்துக்குப் பிரேக் கொடுத்து நேராக்கும் ஸ்திரக் கட்டுப்பாடு. அமெரிக்காவில் 2012 மாடல் முதலும், ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதலும் புதுக் கார்களில் அது கட்டாயம். கிராமத்துச் சாலையில் தடுப்பு இருக்காது, விளக்கு இருக்காது, ஆஸ்பத்திரி தூரம். பட்ஜெட்டுக்குள் அதுவும் ஏர்பேக்கும் உள்ள வண்டி கிடைத்தால், சன்ரூஃபுக்கும் பெரிய திரைக்கும் முன்னால் அதை எடுங்கள்.

பழைய எலக்ட்ரிக் கார்கள் மலிவாக வருகின்றனவே, கிராமத்துக்கு ஆகுமா?

வீட்டிலேயே சார்ஜ் செய்ய முடியும், தினமும் போகும் தூரம் நிலையானது என்றால் ஆகும். எஞ்சின் ஆயில், கிளட்ச், டைமிங் பெல்ட் (எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பட்டை) எதுவும் இல்லை. பேட்டரி நிலையை மட்டும் எண்ணாகப் பாருங்கள். 2010-இன் இறுதியில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃபின் பழைய மாடல்களில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ அமைப்பு கிடையாது, வெப்பமான இடங்களில் சீக்கிரம் இறங்கியது. அதன் டேஷ்போர்டில் திறனைக் காட்டும் 12 கோடுகளில் எத்தனை மிச்சம் என்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். பேட்டரி தரைக்குக் கீழேதான் இருக்கும், அதனால் அடிப்பாகத்தில் கல் அடித்த தடம் இருந்தால் வாங்காதீர்கள்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே போட்டுவிடலாமா?

ஐந்தில் ஒரு பங்கையாவது தனியாக எடுத்து வையுங்கள். வாங்கியதும் எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், வடிகட்டிகள் எல்லாவற்றையும் ஒரு முறை மாற்றிவிட்டால் அன்றிலிருந்து கணக்கு உங்களுடையது. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் அதை எப்போது மாற்றினார்கள் என்று ரசீதில் இல்லையானால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் இடித்து எஞ்சினே போய்விடும்.

ஒரே விலைக்கு இரண்டு வண்டி பார்த்தேன். ஒன்று பெரிய எஸ்யூவி, வயது அதிகம், அடியில் துரு. இன்னொன்று சின்ன ஹேட்ச்பேக், சுத்தமான உடம்பு, எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிக்கிறது. எதை எடுப்பது?

ஹேட்ச்பேக். எஞ்சினைச் சரிசெய்யலாம், தேவையானால் அதே மாடலின் பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி மாட்டலாம். உடம்பு அரித்துப்போனால் வெல்டிங் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், மோதினால் தாங்காது. ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குறைகிறது என்று கேளுங்கள். அரை லிட்டருக்குள் என்றால் டிக்கியில் ஒரு கேன் ஆயில் வைத்துக்கொண்டு, வாரம் ஒரு முறை டிப்ஸ்டிக் பார்த்தபடி ஓட்டலாம். ஒரு லிட்டரைத் தாண்டினால் எஞ்சின் வேலைக்கான செலவைக் கேட்டு, அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

வாங்கியாயிற்று. மண்ரோட்டில் ஓட்டுவதற்கென்று தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

வண்டியோடு வந்த கையேட்டில், கடினமான சூழலுக்கு என்று தனிச் சர்வீஸ் அட்டவணை இருக்கும். தூசியும் கிட்ட தூர ஓட்டமும் அதில்தான் வரும், அதையே பின்பற்றுங்கள். ஏர் ஃபில்டரைச் சாதாரணக் காலக்கெடுவில் பாதியிலேயே திறந்து பாருங்கள். சேற்றில் போய் வந்தால் மேலே கழுவாவிட்டாலும் அடியில் தண்ணீர் அடியுங்கள், ஈர மண் ஒட்டியிருக்கும் இடத்தில்தான் துரு பிடிக்கும். ஆக்சில் ரப்பர் உறையை அப்போதைக்கப்போது எட்டிப் பார்த்தால், கிழிந்த உடனே உறையை மட்டும் மாற்றி ஜாயின்ட்டைக் காப்பாற்றிவிடலாம். வண்டியில் நல்ல ஜாக்கி, ஜாக்கி மண்ணில் புதையாமல் இருக்க அடியில் வைக்கத் தட்டையான ஒரு பலகை, காற்றடிக்கும் பம்ப், கயிறு, டார்ச், தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.